அமெரிக்காவில் மாநில வருமான வரி தனிக் கணக்கு

சென்னையிலோ கோவையிலோ பத்து ஆண்டுகள் சம்பளம் வாங்கி, வரிப் பிடித்தமும் ஃபார்ம் 16-ம் பழகிப்போன ஒருவர் அமெரிக்காவுக்கு வேலை மாறி வந்தபின், முதல் ஏப்ரல் மாதத்தில் தடுமாறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். நாடு முழுவதற்கும் பொதுவான ஃபெடரல் வருமான வரிக் கணக்கை அவர் எப்படியோ முடித்துவிடுகிறார். அடுத்து வரும் மாநில வரியை அந்தக் கணக்கின் வால் என்று எண்ணி, மென்பொருள் கேட்கும் கேள்விகளுக்கு யோசிக்காமல் ‘ஆம்’, ‘இல்லை’ என்று சொடுக்கிக்கொண்டே போகிறார். தவறு அங்கேதான் தொடங்குகிறது. ஓரிரு ஆண்டுகள் கழித்து, மாநில வரித்துறையிலிருந்து வட்டியும் சேர்த்துக் கேட்டுக் கடிதம் வரும்போதுதான் அது தெரியவருகிறது.

வார இறுதியில் நண்பர்கள் கூடும் வீடுகளில் இந்த வரியைப் பற்றி மூன்று பேச்சுகள் அடிக்கடி காதில் விழும். டெக்சாஸில் குடியிருந்தால் மாநில வரியைப் பற்றிய கவலையே வேண்டாம் என்பது ஒன்று. வீடு நியூஜெர்சியிலும் வேலை நியூயார்க்கிலும் இருந்தால் ஒரே சம்பளத்துக்கு இரண்டு முறை வரி கட்டித் தீர வேண்டும் என்பது இன்னொன்று. விசாவில் வந்திருப்பவரின் நிரந்தர முகவரி கும்பகோணத்தில் இருப்பதால் அவர் எந்த அமெரிக்க மாநிலத்துக்கும் குடியிருப்பாளர் ஆகமாட்டார் என்பது மூன்றாவது. முதல் இரண்டும் அரை உண்மைகள்; மூன்றாவது தவறு. இவற்றை அவிழ்க்க இரண்டு கேள்விகள் போதும். அந்த ஆண்டில் நீங்கள் எங்கே வசித்தீர்கள்? அந்தப் பணத்தை எங்கே சம்பாதித்தீர்கள்? சட்டம் எத்தனை நூறு பக்கம் இருந்தாலும், சம்பளக்காரர் ஒருவருக்கு வேண்டிய அளவில் அது இந்த இரண்டு கேள்விகளைச் சுற்றியே நிற்கிறது.

நம் ஊர்ப் பழக்கம் ஏன் குழப்புகிறது

இந்தியாவில் சம்பளத்தின் மீது வருமான வரி விதிக்கும் உரிமை ஒன்றிய அரசுக்கு மட்டுமே உண்டு. மாநிலங்கள் வேளாண் வருமானத்தின் மீது வரி விதிக்கலாம். அதைத் தவிர, சம்பளக்காரர்களிடம் அரையாண்டுக்கு ஒருமுறை பிடிக்கப்படும் தொழில் வரி என்ற சிறு தொகை இருக்கிறது. அந்தத் தொழில் வரியும் ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று அரசியலமைப்பே வரம்பு கட்டியிருக்கிறது. எனவே, ‘வருமான வரி என்றால் ஒரே அரசு, ஒரே படிவம்’ என்ற எண்ணம் நமக்குள் ஊறிப்போயிருக்கிறது.

அமெரிக்காவில் வரலாறு வேறு விதமாக நடந்தது. விஸ்கான்சின் மாநிலம் 1911-லேயே நன்கு இயங்கும் வருமான வரி ஒன்றைக் கொண்டுவந்துவிட்டது. இன்றைய ஃபெடரல் வருமான வரிக்கு வழிவிட்ட 16-வது அரசியலமைப்புத் திருத்தம் அதற்குப் பிறகு, 1913-ல்தான் நிறைவேறியது. ஆக, மாநில வரி ஃபெடரல் வரியிலிருந்து கிளைத்த ஒன்று அன்று. ஒவ்வொரு மாநிலமும் தன் சட்டமன்றத்தில் தானே இயற்றி, தன் வரித்துறையைக் கொண்டு தானே வசூலித்து, தன் செலவுக்குத் தானே வைத்துக்கொள்ளும் வரி அது. நியூஜெர்சி 1976-ல்தான் இந்த வரியைக் கொண்டுவந்தது. பள்ளிகளுக்குப் பணம் ஒதுக்குவது தொடர்பான வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் கண்டிப்பு காட்டி, அந்த ஆண்டு ஜூலையில் பள்ளிகளையே மூடவைத்த பிறகுதான் சட்டமன்றம் இறங்கிவந்தது. வரியாக வரும் பணம் சொத்து வரியின் சுமையைக் குறைக்கவே செலவிடப்பட வேண்டும் என்று அந்த மாநில அரசியலமைப்பில் எழுதியும் வைத்தார்கள். எடிசன் நகரத்துப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோருக்கு, சம்பளச் சீட்டில் கழியும் அந்தத் தொகை எங்கே போகிறது என்பது தெரிந்திருப்பது நல்லது என்பதால் இதைச் சொல்கிறேன்.

சுருக்கமாக: ஃபெடரல் அரசு ஒன்று, மாநில அரசு இன்னொன்று. இரண்டும் ஒரே சம்பளத்தைப் பார்க்கின்றன, ஆனால் ஒன்று மற்றொன்றின் கிளை அலுவலகம் அன்று.

தலைக்கட்டு வரியும் சந்தைச் சுங்கமும்

கிராமத்தில் திருவிழா வருகிறது. ஊர்க்கூட்டம் போட்டுத் தலைக்கட்டு வரி விதிக்கிறார்கள். குடும்பத் தலைவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் சம்பாதிக்கிறாரா, ஊரிலேயே வயலில் சம்பாதிக்கிறாரா என்று யாரும் கேட்பதில்லை. ‘நீ இந்த ஊர்க்காரன், உன் வீடு இங்கே இருக்கிறது, ஆகவே உன் பங்கைக் கொடு’ என்பதே நியாயம். அதே குடும்பத்தார் பக்கத்து ஊர் வாரச் சந்தைக்குக் கத்தரிக்காய்க் கூடையோடு போனால், அங்கே சுங்கம் வசூலிப்பவர் சீட்டைக் கிழித்து நீட்டுகிறார். ‘நான் இந்த ஊர்க்காரன் இல்லையே’ என்று சொன்னால் அவர் விடமாட்டார். கடை போட்டது அவருடைய சந்தையில். விற்ற காசு அங்கே கிடைத்தது.

அமெரிக்க மாநிலங்கள் இந்த இரண்டு நியாயங்களையும் ஒருசேர வைத்திருக்கின்றன. உங்கள் வீடு இருக்கும் மாநிலம் தலைக்கட்டு வரி கேட்கும் ஊரைப் போன்றது: நீங்கள் உலகில் எங்கே சம்பாதித்திருந்தாலும் அத்தனை வருமானத்தையும் கணக்கில் எடுக்கும். இதைக் குடியிருப்பு அடிப்படை என்று சொல்லலாம். நீங்கள் போய் வேலை பார்க்கும் மாநிலம் சந்தை நடத்தும் ஊரைப் போன்றது: தன் எல்லைக்குள் ஈட்டிய வருமானத்துக்கு மட்டும் வரி கேட்கும். இது மூல அடிப்படை. வருமானத்தின் ஊற்று எங்கே என்று பார்ப்பது. ஒரே மாநிலத்தில் வசித்து அங்கேயே வேலையும் பார்ப்பவருக்கு இரண்டு அடிப்படைகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடுவதால் வேறுபாடு தெரிவதில்லை. எல்லையைத் தாண்டி வேலைக்குப் போகும் நாளில்தான் அது கண்ணில் படுகிறது.

எந்த மாநிலத்துக்காரர் நீங்கள்?

பெரும்பாலான மாநிலங்கள் இதற்கு இரண்டு சோதனைகள் வைத்திருக்கின்றன. முதலாவது, உங்கள் நிலையான இருப்பிடம் எது என்பது. அதாவது, வெளியே எங்கே போனாலும் திரும்பி வரவேண்டிய இடமாக நீங்கள் கருதும் வீடு. இது மனத்தின் நோக்கத்தைப் பொறுத்தது. எனவே, ஓட்டுநர் உரிமம், குடும்பம் இருக்கும் இடம், பிள்ளைகள் படிக்கும் பள்ளி போன்ற வெளிச்சான்றுகளை வைத்துத்தான் அதை முடிவு செய்வார்கள். இரண்டாவது சோதனை நாட்காட்டியைப் பார்ப்பது. நியூயார்க், நியூஜெர்சி போன்ற மாநிலங்களில், அங்கே உங்களுக்கென்று நிலையான வீடு ஒன்று இருந்து, ஆண்டில் 183 நாட்களுக்கு மேல் அந்த மாநிலத்தில் இருந்திருந்தால், நிலையான இருப்பிடம் வேறெங்கோ இருந்தாலும் வரிக் கணக்குக்கு நீங்கள் குடியிருப்பாளரே.

கும்பகோண முகவரிக்காரரின் வாதம் இந்த இரண்டாவது சோதனையில்தான் விழுகிறது. அவர் மனத்தளவில் கும்பகோணத்துக்காரராகவே இருக்கலாம். ஆனால் ஜெர்சி சிட்டியில் வாடகை ஒப்பந்தம் போட்டு ஆண்டு முழுவதும் குடியிருந்தால், நியூஜெர்சி அவரைத் தன் குடியிருப்பாளராகவே எடுத்துக்கொள்ளும். விசாவின் வகை ஃபெடரல் கணக்கில் முக்கியமானது. மாநிலமோ பெரும்பாலும் வீட்டையும் நாட்களையும்தான் பார்க்கிறது.

ஆண்டின் நடுவில் மாநிலம் மாறியவர் இரண்டு மாநிலங்களுக்கும் பகுதி ஆண்டுக் குடியிருப்பாளர் ஆகிறார். வீடு மாறிய தேதி ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு முன் வந்த வருமானம் பழைய மாநிலத்துக்கு, பின் வந்தது புதிய மாநிலத்துக்கு.

வரியில்லா மாநிலம் என்ற பேச்சு

அலாஸ்கா, ஃபுளோரிடா, நெவாடா, நியூ ஹாம்ப்ஷயர், தெற்கு டகோட்டா, டென்னசி, டெக்சாஸ், வாஷிங்டன், வயோமிங் ஆகிய ஒன்பது மாநிலங்களும் சம்பளத்தின் மீது வரி விதிப்பதில்லை. சம்பளத்தின் மீது என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். நியூ ஹாம்ப்ஷயர் 2024 வரைக்கும் வட்டிக்கும் பங்காதாயத்துக்கும் வரி வாங்கியது. சியாட்டில் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்தில் 2022 முதல், பெருந்தொகையாக வரும் மூலதன ஆதாயத்துக்கு வரி உண்டு. பங்குகளை விற்று வீடு வாங்கும் மென்பொறியாளர்கள் சிலரை இது தொட்டுவிடுகிறது.

டெக்சாஸில் குடியிருப்பவருக்குத் தன் மாநிலத்திலிருந்து தலைக்கட்டு வரி இல்லை என்பது உண்மை. ஆனால் அவர் சந்தைச் சுங்கத்திலிருந்து தப்புவதில்லை. டாலஸிலிருந்து கலிஃபோர்னியாவுக்குப் போய் இரண்டு மாதம் அங்கேயே அமர்ந்து வேலை பார்த்தால், அந்த இரண்டு மாதச் சம்பளத்துக்குக் கலிஃபோர்னியா கணக்குக் கேட்கும். நியூஜெர்சியில் வாங்கிய வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு டெக்சாஸுக்குக் குடிபோனவர், அந்த வாடகைக்கு ஆண்டுதோறும் நியூஜெர்சியில் கணக்குத் தாக்கல் செய்யத்தான் வேண்டும். வீடு நகர்வதில்லை, ஆகவே அதன் வருமானமும் இருந்த மாநிலத்திலேயே இருக்கிறது.

படிப்படியான விகிதமும் மின்கட்டணமும்

சில மாநிலங்கள் எல்லோருக்கும் ஒரே விகிதம் வைத்திருக்கின்றன. பென்சில்வேனியாவில் அது 3.07 சதவீதம், இல்லினாயில் 4.95 சதவீதம். மற்றவை படிப்படியாக ஏறும் விகிதங்கள் கொண்டவை. கலிஃபோர்னியாவில் பத்து லட்சம் டாலருக்கு மேற்பட்ட வருமானத்தில் அது 13.3 சதவீதம் வரை போகிறது. இங்கேதான் இன்னொரு பரவலான அச்சம் வருகிறது: சம்பளம் கொஞ்சம் உயர்ந்து மேல்படிக்குப் போனால் மொத்தச் சம்பளத்துக்கும் மேல்விகிதம் போட்டுவிடுவார்கள் என்பது.

இந்த அச்சத்துக்குத் தமிழ்நாட்டு மின்கட்டணமும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படியில் இருக்கும் சில யூனிட்டுகளுக்கும் கட்டணம் கூடிவிடும் என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். மாதக் கடைசியில் மோட்டாரை நிறுத்திவைத்தவர்கள் நாம். வருமான வரி பொதுவாக அப்படி நடந்துகொள்வதில்லை. மேல்படியின் விகிதம் அந்தப் படிக்குள் விழும் டாலர்களுக்கு மட்டுமே.

நியூஜெர்சியில் தனிநபர் ஒருவரின் வரிக்குரிய வருமானம் 80,000 டாலர் என்று கொள்வோம். வரிக்குரிய வருமானம் என்பது, அனுமதிக்கப்பட்ட கழிவுகள் போக எஞ்சும் தொகை. முதல் 20,000 டாலருக்கு 1.4 சதவீதம்: 280 டாலர். அடுத்த 15,000-க்கு 1.75 சதவீதம்: 262.50. அதற்கடுத்த 5,000-க்கு 3.5 சதவீதம்: 175. அடுத்த 35,000-க்கு 5.525 சதவீதம்: 1,933.75. கடைசியாக, 75,000-க்கு மேலுள்ள 5,000-க்கு மட்டும் 6.37 சதவீதம்: 318.50. ஆக மொத்தம் 2,969.75 டாலர். அவர் 6.37 சதவீதப் படியில் இருக்கிறார் என்று சொல்வார்கள். ஆனால் அவர் உண்மையில் கட்டுவது 3.7 சதவீதம்தான். இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பகுதியில் இதுவே வேண்டும்.

இரண்டு மாநிலம், ஒரு சம்பளம்

காலையில் ஜெர்சி சிட்டியில் பாத் ரயிலில் ஏறி, ஹட்சன் ஆற்றுக்கு அடியில் போய் மன்ஹாட்டனில் இறங்கும் ஆயிரக்கணக்கானவர்களில் நம்மவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் நியூஜெர்சிக் குடியிருப்பாளர். சம்பளத்தின் ஊற்று நியூயார்க். தலைக்கட்டு வரிக்கும் சந்தைச் சுங்கத்துக்கும் ஒரே நேரத்தில் ஆட்பட்டவர். அப்படியானால் இரட்டை வரிதானே?

இல்லை. இங்கே குடியிருக்கும் மாநிலம் விட்டுக்கொடுக்கிறது. நியூயார்க்குக்குக் கட்டிய வரியை நியூஜெர்சி ஒப்புக்கொண்டு, தனக்கு வரவேண்டிய வரியிலிருந்து அதைக் குறைத்துக்கொள்கிறது. இதற்குப் பெயர் வரி கிரெடிட். கழிவு என்பது வருமானத்திலிருந்து குறைவது. கிரெடிட் என்பது வரியிலிருந்தே நேராகக் குறைவது. இந்த வேறுபாடு தெரியாமல் இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பதால்தான் பேச்சில் பாதிக் குழப்பம் வருகிறது.

ஆனால் கிரெடிட்டுக்கு ஓர் எல்லை உண்டு. எந்த வருமானத்துக்கு நியூயார்க் வரி வாங்கியதோ, அந்த வருமானத்துக்கு நியூஜெர்சி எவ்வளவு வரி போட்டிருக்குமோ, அந்த அளவுக்கு மேல் கிரெடிட் கிடைக்காது. நம்மவரின் 80,000 டாலரில் 76,000 சம்பளம் என்றும், 4,000 ஊரில் வைத்திருக்கும் வைப்புத்தொகையின் வட்டி என்றும் வைத்துக்கொள்வோம். வட்டி நியூயார்க்கில் ஈட்டியது அன்று; ஆகவே அதற்கு நியூயார்க் வரி கேட்பதில்லை. சம்பளத்துக்கு நியூயார்க் வரி 3,600 டாலர் வந்தது என்று கொள்வோம். நியூஜெர்சியின் மொத்த வரி 2,969.75. அதில் சம்பளத்தின் பங்கு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து, அதாவது 2,821.26 டாலர். கிரெடிட் அவ்வளவுதான். மிச்சம் 148.49 டாலரை நியூஜெர்சிக்குக் கட்ட வேண்டும். நியூயார்க்குக்குக் கட்டிய 3,600-இல் கிரெடிட் போக மீதமுள்ள ஏறத்தாழ 779 டாலரை நியூஜெர்சி திருப்பித் தராது. இன்னொரு மாநிலத்தின் உயர்ந்த விகிதத்துக்கு அது பொறுப்பேற்பதில்லை. இரண்டு மாநிலங்களில் எது அதிகம் கேட்கிறதோ அதன் அளவுக்குச் சம்பளத்தின் மீதான சுமை வந்து நிற்கிறது. இருமடங்கு ஆவதில்லை.

இந்தக் கணக்கிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடம் ஒன்று உண்டு, அதைப் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் வேலை பார்த்த மாநிலத்தின் படிவத்தை, அதாவது நியூயார்க்கின் வெளிமாநிலத்தாருக்கான ஐடி-203-ஐ முடிக்க வேண்டும். அதில் கிடைக்கும் வரித்தொகையை எடுத்துக்கொண்டுதான் நியூஜெர்சியின் என்ஜே-1040-க்கு வர வேண்டும். மென்பொருளில் குடியிருக்கும் மாநிலத்தை முதலில் முடித்தால், கிரெடிட் கட்டம் காலியாகவே நின்று, கட்ட வேண்டியதில்லாத ஆயிரக்கணக்கான டாலர் பாக்கி என்று திரை காட்டும். அதைப் பார்த்துப் பயந்து கட்டிவிட்டவர்களும் இருக்கிறார்கள். கிரெடிட்டுக்கு அடிப்படை ஐடி-203 கணக்குப்படி இறுதியாக வரும் வரி. நிறுவனம் தரும் ஆண்டுச் சம்பளச் சான்றான டபிள்யூ-2 தாளில் பிடித்ததாகக் காட்டும் தொகை அன்று. இதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

சில அண்டை மாநிலங்கள் இந்தச் சுற்றுவழியே வேண்டாம் என்று தமக்குள் உடன்பாடு செய்திருக்கின்றன. நியூஜெர்சிக்கும் பென்சில்வேனியாவுக்கும் அப்படி ஓர் உடன்பாடு உண்டு: சம்பளத்துக்குக் குடியிருக்கும் மாநிலம் மட்டுமே வரி வாங்கும். அதற்கான படிவத்தை நிறுவனத்திடம் கொடுத்துவிட்டால் தவறான மாநிலத்துக்குப் பிடித்தம் போகாது. நியூயார்க்குக்கும் நியூஜெர்சிக்கும் இடையே இப்படி உடன்பாடு இல்லை.

வீட்டிலிருந்தே வேலை செய்வோருக்கு ஒரு சிக்கல் சேர்கிறது. அலுவலகம் மன்ஹாட்டனில் இருக்க, ஒருவர் தன் வசதிக்காக ஜெர்சி சிட்டி வீட்டில் அமர்ந்து வேலை செய்தால், அந்த நாட்களையும் நியூயார்க் தன் மண்ணில் செய்த வேலையாகவே எண்ணுகிறது. நிறுவனத்தின் கட்டாயத் தேவையால்தான் வீட்டில் இருந்தார் என்று நிறுவ முடிந்தால் மட்டுமே விலக்கு. ‘ஆற்றைத் தாண்டவே இல்லையே’ என்ற வாதம் அங்கே எடுபடாது. இது நியாயமா என்று மாநிலங்களுக்கிடையே நெடுநாள் சச்சரவு நடக்கிறது. 2023-ல் நியூஜெர்சியும் பதிலடியாக, இத்தகைய விதி வைத்திருக்கும் மாநிலத்தாருக்கு எதிராகத் தானும் அதே விதியைக் கொண்டுவந்தது. பெரும்பாலான மற்ற மாநிலங்களில், உடல் இருந்த இடமே வேலை நடந்த இடம்.

இதுவரை சொன்னதன் சாரம்: வேலை பார்த்த மாநிலம் முதலில் எடுக்கும், குடியிருக்கும் மாநிலம் அதை ஒப்புக்கொண்டு குறைத்துக்கொள்ளும், ஆனால் தன் விகிதத்தின் அளவுக்கு மட்டுமே.

ஃபெடரல் ஒப்புக்கொண்டதை மாநிலம் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை

பல மாநிலங்கள் ஃபெடரல் படிவத்தில் வந்த வருமானத் தொகையையே தொடக்கமாக எடுத்துக்கொள்கின்றன. நியூஜெர்சியும் பென்சில்வேனியாவும் அப்படிச் செய்யாமல் தாமே முதலிலிருந்து கூட்டுகின்றன. எப்படியிருந்தாலும், சில இடங்களில் மாநிலம் தனி வழி போகும். ஓய்வுக்காலச் சேமிப்பான 401கே திட்டத்தில் ஊழியர் போடும் பணத்துக்கு ஃபெடரல் அரசு இப்போது வரி கேட்பதில்லை, பென்சில்வேனியா கேட்கிறது. மருத்துவச் செலவுக்கென்று வரியில்லாமல் சேர்க்கும் ஹெச்எஸ்ஏ கணக்கைக் கலிஃபோர்னியாவும் நியூஜெர்சியும் ஏற்பதில்லை. அதற்கு நேர்மாறாக, அமெரிக்க அரசின் கருவூலப் பத்திரங்களின் வட்டிக்கு ஃபெடரல் வரி உண்டு, மாநில வரி கிடையாது.

நம்மவர்களுக்கு இந்தப் பகுதியில் மிக முக்கியமானது ஊரில் இருக்கும் வங்கிக் கணக்குதான். வெளிநாட்டில் வாழ்பவர் தன் இந்திய வருமானத்தைப் போட்டுவைக்கும் என்ஆர்ஓ கணக்கின் வட்டியில் இந்தியாவில் வரி பிடித்திருந்தால், அந்த வரிக்கு ஃபெடரல் அரசு கிரெடிட் தருகிறது. நியூஜெர்சியோ கலிஃபோர்னியாவோ வெளிநாட்டில் கட்டிய வரிக்குக் கிரெடிட் தருவதில்லை. வெளிநாட்டில் ஈட்டிய பணத்தை அனுப்பிவைக்கும் என்ஆர்இ கணக்கின் வட்டிக்கு இந்தியாவில் வரியே இல்லை என்பதால் அதைக் காட்ட வேண்டாம் என்று நினைப்பவர்கள் ஏராளம். அது முற்றிலும் தவறு. அந்த வட்டியை ஃபெடரல் கணக்கிலும் காட்ட வேண்டும், குடியிருக்கும் மாநிலத்தின் கணக்கிலும் காட்ட வேண்டும். இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலான இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் ஃபெடரல் வருமான வரியைப் பற்றியது. அதன் சலுகைகளைக் கலிஃபோர்னியா, நியூஜெர்சி போன்ற மாநிலங்கள் பின்பற்றுவதில்லை. மேற்படிப்புக்கு வரும் மாணவர்கள் அந்த ஒப்பந்தத்தை வைத்து ஃபெடரலில் பெறும் விலக்கை அப்படியே மாநிலப் படிவத்திலும் எழுதிவிடுவது இதனால்தான் பிழையாகிறது.

ஒரு டபிள்யூ-2 தாளைப் படித்தல்

ஜனவரி இறுதிக்குள் நிறுவனம் தரும் டபிள்யூ-2 ஒற்றைத் தாள்தான். மேற்பாதியில் முதல் கட்டம் ஃபெடரல் கணக்குக்கான சம்பளம், இரண்டாவது கட்டம் ஃபெடரலுக்குப் பிடித்த வரி. பலர் அதோடு தாளை மடித்துவிடுகிறார்கள். கீழே, அடிவரிசையில் சிறிய எழுத்தில் இருக்கும் 15, 16, 17 ஆகிய கட்டங்களே நமக்கு வேண்டியவை. 15-ல் மாநிலத்தின் ஈரெழுத்துக் குறியீடு, 16-ல் அந்த மாநிலத்தின் கணக்குப்படியான சம்பளம், 17-ல் அந்த மாநிலத்துக்குப் பிடித்த வரி.

பென்சில்வேனியாக்காரர் ஒருவரின் சம்பளம் 90,000 டாலர், அதில் 10,000-ஐ அவர் 401கே திட்டத்தில் போட்டார் என்றால், முதல் கட்டத்தில் 80,000 என்றும் 16-வது கட்டத்தில் 90,000 என்றும் இருக்கும். இதைப் பிழையென்று நினைத்து மனிதவளத் துறைக்குக் கடிதம் எழுத வேண்டாம். மேலே சொன்ன வேறுபாடே அங்கே தெரிகிறது. நியூயார்க்கில் வேலை பார்க்கும் நியூஜெர்சிக்காரரின் தாளில் 15-வது கட்டத்தின் கீழ் இரண்டு வரிசைகள் இருக்கலாம். ஒன்றில் நியூயார்க், மற்றொன்றில் நியூஜெர்சி, இரண்டிலும் ஏறக்குறைய முழுச் சம்பளம். இரண்டையும் கூட்டி இருமடங்கு சம்பளம் என்று மென்பொருளில் ஏற்றிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே பணத்தை இரண்டு அரசுகள் தத்தம் கண்ணால் பார்த்து எழுதியவை அவை.

18 முதல் 20 வரையுள்ள கட்டங்கள் நகரத்துக்கோ, நம் மாவட்டம் போன்ற கவுண்டிக்கோ உரியவை. மேரிலாந்தில் எல்லாக் கவுண்டிகளும் வருமான வரி வாங்குகின்றன. ஃபிலடெல்ஃபியா நகரம் அங்கே வேலை பார்க்கும் வெளியூர்க்காரரிடமும் சம்பள வரி பிடிக்கிறது. நியூயார்க் நகரமோ தன் குடியிருப்பாளர்களிடம் மட்டுமே வாங்குகிறது. வெளியிலிருந்து வந்து வேலை பார்த்துத் திரும்புவோரின் மீதான வரி 1999-ல் நீக்கப்பட்டுவிட்டது. எனவே, ஜெர்சி சிட்டிக்காரரின் தாளில் நியூயார்க் நகர வரி பிடித்திருந்தால் அது தவறு. ஐடி-203 வழியாகத் திரும்பக் கேட்க வேண்டும்.

17-வது கட்டத்துத் தொகை இறுதி வரி அன்று, முன்பணம். கணக்கு முடிந்தபின் முன்பணம் அதிகமாக இருந்தால் மீதம் திரும்பி வரும். குறைவாக இருந்தால் கட்ட வேண்டும். திரும்பி வரும் தொகையை அரசு தந்த போனஸ் போலப் பேசுகிறோம். அது ஆண்டு முழுவதும் வட்டியில்லாமல் நாம் கொடுத்துவைத்த நம் பணம்.

தாக்கல் செய்யும் நாளும் அதற்கு முன்பும்

பெரும்பாலான மாநிலங்களுக்கு ஃபெடரலைப் போலவே ஏப்ரல் 15 கடைசி நாள். அயோவாவுக்கும் டெலவேருக்கும் ஏப்ரல் 30, வர்ஜீனியாவுக்கு மே 1, லூசியானாவுக்கு மே 15. கூடுதல் அவகாசம் கேட்டுப் பெறலாம். ஆனால் அது படிவம் அனுப்புவதற்கான அவகாசம் மட்டுமே. கட்ட வேண்டிய பணத்துக்கு வட்டி ஏப்ரலிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். வரிசை பெரும்பாலும் ஒன்றுதான்: முதலில் ஃபெடரல், அடுத்து வேலை பார்த்த மாநிலம், கடைசியில் குடியிருக்கும் மாநிலம். பென்சில்வேனியாவின் மைபாத், கலிஃபோர்னியாவின் கால்ஃபைல் என்று மாநிலங்கள் தாமே நடத்தும் இலவசத் தாக்கல் தளங்கள் இருப்பதால், எளிய கணக்கு உள்ளவர் மாநிலப் படிவத்துக்கென்று தனிக்கட்டணம் கொடுக்க வேண்டியதில்லை.

மாநிலத்துக்குக் கட்டிய வரியை ஃபெடரல் கணக்கில் கழிவாகக் காட்ட முடியும், ஆனால் செலவுகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டுக் கழிப்பவர்களுக்கு மட்டும். 2018 முதல் இந்தக் கழிவுக்கு, சொத்து வரியையும் சேர்த்து 10,000 டாலர் என்ற உச்சவரம்பு இருந்தது. 2025-ஆம் ஆண்டுக் கணக்குக்கு அது 40,000 டாலராக உயர்ந்தது, மிக அதிக வருமானமுள்ளவர்களுக்கு அது குறையும். இப்படிக் கழித்தவர் அடுத்த ஆண்டில் மாநிலத்திடமிருந்து பணம் திரும்பப் பெற்றால், அந்தத் தொகை ஃபெடரல் கணக்கில் வருமானமாகத் திரும்பி வரக்கூடும். அதை அறிவிக்கும் 1099-ஜி என்ற தாளைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது.

நடு ஆண்டில் வீடு மாறுபவருக்கு வேலை ஏப்ரலில் இல்லை, வீடு மாறும் வாரத்திலேயே இருக்கிறது. டெக்சாஸிலிருந்து ஜூலை முதல் நாள் நியூஜெர்சிக்கு வந்து, அதே நிறுவனத்தில் தொடர்கிறார் ஒருவர். புதிய முகவரியை நிறுவனத்திடம் அன்றே பதியாவிட்டால், டிசம்பர் வரை டெக்சாஸ் ஊழியராகவே சம்பளம் ஏறி, நியூஜெர்சிக்கு ஒரு டாலர்கூடப் பிடித்தம் ஆகாது. ஏப்ரலில் ஆறு மாத வரி மொத்தமாக வந்து விழும், குறைப்பிடித்தத்துக்கான வட்டியும் சேரலாம். அதற்கு நேரெதிராக, ஆண்டு முழுச் சம்பளமும் நியூஜெர்சியில் ஈட்டியதாக 16-வது கட்டத்தில் ஏறிவிடுவதும் உண்டு. டெக்சாஸில் குடியிருந்து டெக்சாஸிலேயே வேலை பார்த்த ஆறு மாதச் சம்பளத்துக்கு நியூஜெர்சி வரி கேட்க உரிமை இல்லை. ஆனால் அதை எடுத்துக்காட்ட வேண்டியவர் ஊழியர்தான். அதற்கு வேண்டிய சான்று ஒன்றே ஒன்று. வீடு மாறுவதற்கு முன் வந்த கடைசிச் சம்பளச் சீட்டு. அதன் வலப்புறத்தில், ஆண்டின் தொடக்கம் முதல் அன்று வரையிலான மொத்தத்தைக் காட்டும் பத்தியில் இருக்கும் எண்ணே இரண்டு மாநிலங்களுக்கும் இடையிலான கோடு. வேலை மாறினாலோ நிறுவனம் சம்பள மென்பொருளை மாற்றினாலோ அந்தச் சீட்டுகள் பிறகு கிடைக்காமல் போகலாம் என்பதால், பெட்டி கட்டும் நாளிலேயே அதைத் தரவிறக்கி வாடகை ஒப்பந்தத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.